பழகினதும் பழக்கினதும்

மே 4

எஸ்தர் என் கையில் ஒரு நீல நோட்டைக் கொடுத்து, "மாமா, இதுல பாத்தத மட்டும் எழுதுங்க. நெனச்சத எழுதாதீங்க" என்றாள். என் அக்கா மகள். நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. இன்றைக்குச் சோலைமந்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்பதால் எனக்கே பாடம் எடுக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒன்பதாவதில் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுந்த வாத்தியார் இந்த மலையில் இல்லாததால் நின்றுகொண்டேன்.

ஆகவே இந்த டைரி. மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. நீல நோட்டில் பார்த்தது, இதில் என் இஷ்டம். யார் கேட்பது?

சூசைமாணிக்கம், நீலிக்கல் எஸ்டேட், கீழ் டிவிஷன். முப்பத்தொரு வருஷம் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். ஓய்வுக்குப் பிறகு எஸ்தரிடம் வாட்சர் வேலை. பம்ப் ஹவுஸ் வாசலில் ஒரு சிறுத்தையை முறைத்தே திருப்பி அனுப்பியவன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் என் வயதுக்காரர்கள்கூட என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அது கேலி என்று எஸ்தர் சொல்கிறாள். மரியாதை எது கேலி எது என்று எனக்குத் தெரியாதா?

மே 5

வேலை இதுதான். காலை ஆறு மணிக்கு மந்திக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ண வேண்டும். இன்று இருபத்து மூன்று. எது எதன் பக்கத்தில் உட்காருகிறது, என்ன தின்கிறது, எத்தனை மணிக்கு. நாம் இருபதடிக்கு அப்பால் நிற்க வேண்டும். சாப்பிட ஒன்றும் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் எஸ்தர் நம்பர் போட்டிருக்கிறாள். இடது காது கிழிந்த பெரிய பெண்ணுக்குப் பெயர் பெ-7. இது என்ன பெயர், ரேஷன் கார்டு மாதிரி? நான் கலெக்டரம்மா என்று வைத்தேன். அவள் வந்தால் மற்றவை வழிவிடுகின்றன. வந்து நின்று, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறாள்.

மே 6

துணி துவைத்தேன். நீல நோட்டில் ஒரு பக்கம், பொய் கலக்காமல். கை வலிக்கிறது.

மே 11

எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு பலா மரம். அதன் அடியில் சாம்பல் குழி. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டாலும் வெந்நீருக்கு விறகுதான், அதனால் குழி நிறைந்தே இருக்கும். விழுந்த பலாப்பழங்களையும் நான் அங்கேதான் தள்ளிவிடுகிறேன். பாதையில் கிடந்தால் பன்றி வரும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பலாப் பால் குரங்கையும் விடாது. தின்றுவிட்டு விரலை மரப்பட்டையில் தேய்க்கும், நக்கும், முகத்தைச் சுளிக்கும். இன்று கலெக்டரம்மா இறங்கி வந்தாள். பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் குழிக்குள் விட்டு, நாம் சோப்புப் போடுகிற மாதிரி சாம்பலை உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் தேய்த்தாள். அதன் பிறகுதான் பழத்தைப் பிளந்தாள். பால் கையில் ஒட்டவே இல்லை.

ஓடிப்போய் எஸ்தரிடம் சொன்னேன்.

"பழத்த தொடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிசுபிசுன்னு ஆனதுக்கு அப்புறம் தொடச்சா அது ஒண்ணுமே இல்ல. எல்லாக் குரங்கும் தொடைக்கும். ஆகப்போறது தெரிஞ்சு முன்னாடியே கைய தயார் பண்ணுச்சுன்னா, அது வேற."

"முன்னாடிதாண்டி. சத்தியமா."

"போன மாசம் ராஜநாகம் உங்களப் பாத்து வழிவிட்டுச்சுன்னு சொன்னீங்க."

"விட்டது உண்மை."

"அது செத்துக் கெடந்துச்சு மாமா."

மே 14

எஸ்தர் மூன்று நாளாக என்னோடு உட்கார்ந்து பார்க்கிறாள். கலெக்டரம்மா பழத்தைத் தின்றாள், சாம்பலைத் தொடவில்லை. வேண்டுமென்றே என் மானத்தை வாங்குகிறாள். எஸ்தர் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அவள் அம்மாவுடையது.

மே 19

பார்த்தாள்! காலை ஏழு இருபது. என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "முன்னாடி மாமா, முன்னாடி" என்று சத்தம் வராமல் காற்றுக் குரலில் பேசுகிறாள். கண்ணில் தண்ணீர். நான் சொன்னபோது நம்பவில்லையே, இப்போது என்ன அழுகை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கும் ஏதோ தூசி விழுந்துவிட்டது.

மே 27

எஸ்தர் சொன்னது: ஒரு தடவை செய்தால் தற்செயல். பல தடவை செய்தால் அது அந்த ஒன்றின் பழக்கம். பக்கத்தில் இருப்பது பார்த்துச் செய்தால்தான் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்காக யார் யாரோடு ஒட்டி உட்காருகிறார்கள் என்று தினமும் எழுத வேண்டும். யாருக்கு முதலில் வருகிறது, அடுத்து யாருக்கு என்று தேதியோடு வேண்டும். மனிதர் இல்லாத நேரத்திலும் செய்கிறதா என்று பார்க்க மரத்தில் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றையும் கட்டியிருக்கிறாள்.

இதற்கு ஒரு பட்டமா? எங்கள் லைனில் தெய்வானை வீட்டில் பிரஷர் குக்கர் வந்தது. முதலில் அவளுக்குப் பேன் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி வாங்கினாள். பிறகு அவள் நாத்தனார். இப்போது லைன் முழுக்க விசில். எஸ்தரிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "அதேதான் மாமா" என்று எழுதிக்கொண்டாள்.

இன்று இரண்டாவது ஆளும் சாம்பல் தொட்டது. கலெக்டரம்மாவுக்கு எப்போதும் பேன் பார்க்கிறவள். அவளுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தேன்.

மே 30

எஸ்தருக்குத் தெரியாத ஒன்று. ஆறு மணிக்கு முன்பே போய்க் குழிக்கு எதிரே உள்ள கல்லில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே நான் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை, பேச்சு வருவதில்லை. கலெக்டரம்மா இறங்கி வந்து நாலு முழ தூரத்தில் உட்காருவாள். அவள் பாட்டுக்கு வாலைப் பிடித்துப் பார்ப்பாள். நான் என் பாட்டுக்குப் பீடி பிடிப்பேன். விதி இருபதடிதான். ஆனால் நான் நெருங்கவில்லையே, அவள்தானே நெருங்கினாள்? குரங்குக்கு யார் விதி சொல்வது?

வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாததால் வெளியே அதிகம் பேசுகிறேன் என்று அக்கா சொல்வாள். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு விஷயம் அதிகம்.

ஜூன் 3

மூன்றாவது ஆளும் ஆரம்பித்துவிட்டது. தாசில்தாரின் மகள், சின்னவள். வி.ஏ.ஓ.

டீக்கடையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, குரங்கு கைக்குப் பவுடர் போடுதாமே?" அப்போது சும்மா இருக்க முடியுமா? கலெக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, சாம்பலில் அமுக்கி, "இப்படிம்மா, இப்படி" என்று நான்தான் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தேன் என்றேன். முதலில் அவள் கடித்தாள், நான் விடவில்லை என்றேன். தழும்பு காட்டச் சொன்னார்கள். பம்ப் பெல்ட் கிழித்த தழும்பு இருக்கிறதே, காட்டினேன். இரண்டாவது டீ தானாக வந்தது.

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. அட்டை காலுறைக்குள் ஏறுகிறது. சாம்பல் குழி சேறாகிக் கிடக்கிறது. கலெக்டரம்மா சேற்றைத் தொட்டு, முகர்ந்து, கையை உதறினாள். பிறகு லைன் வீடுகளின் புகையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12

எனக்கு நேற்றே தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரிந்திருக்க வேண்டும்.

கலெக்டரம்மா காய்ந்த சாம்பல் தேடி, தெய்வானையின் குளியலறையில் வெந்நீர் அடுப்பு வரை உள்ளே போய்விட்டாள். தெய்வானை கதவைத் திறந்ததும் எதிரே கறுப்பு முகமும் வெள்ளைப் பிடரியும். அலறிப் பின்வாங்கி வழுக்கி விழுந்ததில் அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. குரங்கு அவளைத் தொடவில்லை. சாம்பலைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டு குடம் தண்ணீர் பிடித்து அவள் வீட்டில் வைத்தேன். "ஒன் கலெக்டருக்குப் பவுடர் போட என் வீடுதான் கெடச்சுதா?" என்றாள். கட்டுப் போட்ட கையோடு திட்டுகிறாள், நல்ல தெம்பு.

ஜூன் 13

வனத்துறையிலிருந்து பாரஸ்டர் வந்தார். தெய்வானையின் மகன் புகார் கொடுத்திருக்கிறான். குரங்கைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டதும் லைனே என்னைக் காட்டியது. "எழுதிக் கொடுங்க" என்றார். வாயால் சொல்கிறேன் என்றேன். எழுத்தில்தான் வேண்டுமாம். அரசாங்கமே என் கையெழுத்தைக் கேட்கும்போது மறுப்பதா? நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினேன்:

"மேற்படி குரங்கு எனக்கு நன்கு தெரியும். இது நான் பழக்கிய குரங்கு. இதன் குணம் குற்றம் அனைத்தும் அறிந்தவன் நானே."

பாரஸ்டர் இரண்டு தடவை வாசித்தார். "நீங்க பழக்கினதா?" என்று கேட்டார். டீக்கடைக்காரன் பக்கத்திலேயே நின்றான். "பின்ன வேற யாரு?" என்றேன்.

ஜூன் 16

எஸ்தர் வந்தாள். உட்காரவில்லை.

"என்ன எழுதிக் குடுத்தீங்க மாமா?"

சொன்னேன்.

"பழகினதுன்னு எழுதியிருந்தா அது பரிச்சயம். நீங்க எழுதினது பழக்கினது. ஒரு மனுசன் பிடிச்சு வச்சுப் பயிற்சி குடுத்த குரங்கு! பயம் விட்டுப் போன மிருகத்த வீடுகளுக்குப் பக்கத்துல விட முடியாது, கூண்டு வச்சுப் பிடிச்சு மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்போறேன்னு ரேஞ்சர் சொல்லிட்டாரு."

"ஒரு 'க்' தானடி கூடுதலா விழுந்திருக்கு."

"அந்த ஒரு 'க்' கூண்டு மாமா."

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பெரிய சாரும் போனில் கேட்டாராம், ஒரு வாட்சர் சொல்லிக்கொடுத்த வித்தையை எப்படிக் காட்டு மிருகத்தின் புதுப் பழக்கம் என்று எழுதுவாய் என்று. இரண்டு வருஷ வேலை. ஆனால் அவள் அதற்காக அழவில்லை. கலெக்டரம்மாவுக்காகத்தான் அழுதாள்.

"எழுத்துப் பிழைன்னு போய்ச் சொல்லுங்க. விட்டாலும் விடுவாரு."

நானா? பிழையா? எட்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதலில் முதல் பரிசு வாங்கியவன். (இரண்டாம் பரிசு.)

ஜூன் 17

சாப்பிடவில்லை. ரசம் புளித்துவிட்டது, அதனால்.

ஜூன் 18

ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். குடை பிடித்து ஒன்பது கிலோமீட்டர். ரேஞ்சர் மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், எழுத்துப் பிழை இல்ல. எனக்கு எழுத்து நல்லாத் தெரியும். பொய் சொன்னேன். கடையில பெருமைக்குச் சொன்னது, ஆபீஸ் பேப்பர்லயும் அதையே எழுதிட்டேன். அந்தக் குரங்குக்கு நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல."

"இதுல எது பொய்ங்க? அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்றதா?"

நல்ல கேள்விதான். நான் சொன்னவற்றில் ஊர் நம்பிய ஒரே சங்கதி இந்தப் பொய்.

"ஒங்க கூண்டு, ஒங்க இஷ்டம்" என்றேன். "ஆனா அவள ஏத்துற ஜீப் முன்னாடி நான் படுத்துக்குவேன். அத வேணும்னாலும் எழுதிக் குடுக்கிறேன்."

சிரித்தார். "செவ்வாக்கிழமை நேர்லயே வந்து பாக்கிறேன்" என்றார்.

திரும்பும் வழியில் இரண்டு சிறுத்தைகள். ஒதுங்கிப் போகச் சொன்னேன், போயின.

ஜூன் 24

முழுவதும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பின்னால் கூண்டு. மழை விட்டிருந்தது. லைனே திரண்டு நின்றது. கட்டுப் போட்ட கையோடு தெய்வானையும் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள். மந்திக் கூட்டம் பலா மரத்தில் இருந்தது. கலெக்டரம்மா கீழ்க் கிளையில்.

எஸ்தர் முதலில் கேமராப் படங்களைக் காட்டினாள். ஆள் இல்லாத நேரத்தில் மூன்று குரங்குகளும் சாம்பல் தேய்ப்பது தெரிந்தது. ரேஞ்சர் தலையாட்டினார். "ஒண்ணுக்குக் கத்துக் குடுத்தா மத்தது அதப் பாத்துக் கத்துக்கும்லம்மா? முதல் குரங்குக்கு யாரு குடுத்தாங்கங்கிறதுதான் கேள்வி."

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். என்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பார்வை.

"மாமா, நீங்க பலாப்பழம் எப்பிடி அறுப்பீங்க?"

"கையில தேங்காயெண்ணெய் தடவிட்டு."

"சாம்பல் தடவ மாட்டீங்களா?"

"சாம்பலா? திங்கிற பழத்துல எவனாவது சாம்பலப் போடுவானா? பல்லுல நறநறன்னு இருக்காது?"

"இந்த லைன்ல யாராவது சாம்பல் தடவி அறுக்கிறீங்களா?" என்று கூட்டத்தைக் கேட்டாள்.

"நாங்க என்ன கொரங்கா?" என்றாள் தெய்வானை. எல்லாரும் சிரித்தார்கள்.

எஸ்தர் ரேஞ்சரிடம் சொன்னாள்: "சார், மனுசன் கத்துக்குடுத்திருந்தா எண்ணெய்தான் கத்துக்குடுத்திருப்பான். சாம்பல் அவர்கிட்ட இல்லவே இல்லாத வித்தை. இல்லாத வித்தைய எப்பிடி சார் சொல்லிக்குடுப்பாரு?"

ரேஞ்சர் கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார். "அப்ப யாருதாங்க சொல்லிக்குடுத்தது?"

டீக்கடைக்காரன் அங்கேயே நின்றான். என் தழும்பைப் பார்த்து வாயைப் பிளந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

"யாரும் இல்ல சார். அவளே கண்டுபிடிச்சா. எனக்கு அந்த மூளை கெடையாது" என்றேன்.

அப்படி ஒரு வாக்கியத்தை என் வாய் இதற்கு முன் சொன்னதில்லை. "அய்யோ, மாமாவா பேசுறது?" என்று யாரோ கத்தினார்கள்.

"சரி, கடைசியா ஒண்ணு" என்றார் ரேஞ்சர். "கூப்பிடுங்க. பழக்கின குரங்குன்னா கிட்ட வரும்."

கூப்பிட்டேன். குறை வைக்கவில்லை. இரண்டு கையையும் தட்டி, "ஏய் கலெக்டரு! வாடி இங்க! மாமா கூப்பிடுறேன்ல?" என்று மேல் டிவிஷன் வரை கேட்கும்படி கத்தினேன். பலாப்பழத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே மரத்தை நோக்கி ஓடினேன். கலெக்டரம்மா என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி. புருவத்தைத் தூக்கி, பல்லைக் காட்டி, கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். தேங்கிய மழைத் தண்ணீர் மொத்தமும் என் தலையில். நான் வழுக்கிச் சாம்பல் குழிக்குள் விழுந்தேன். மந்திக் கூட்டமே சோலைக்குள் தாவி மறைந்துவிட்டது.

லைன் சிரித்த சிரிப்பு! தெய்வானை உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் சேற்றிலிருந்து எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "பாத்தீங்கல்ல சார்? இதான் நான் பழக்கின லட்சணம்!"

ரேஞ்சர் என் வாக்குமூலத்தை எடுத்து நீட்டினார். அந்த 'க்'கை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சேற்று விரல் ரேகையும் சேர்ந்து விழுந்தது. வெந்நீர் அடுப்புக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். போகும்போது எஸ்தரிடம், "ஆளுங்க பக்கத்துல வந்து உக்காந்துச்சுன்னு இன்னொரு தகவல் வந்தா, அப்ப என்கிட்ட வேற வழி இருக்காதும்மா" என்றார். கூண்டு காலியாகத் திரும்பியது.

சாயங்காலம் எஸ்தர் கேட்டாள்.

"மாமா, குரங்குக்குக் கைதட்டுனாப் பிடிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும்தான?"

"எனக்கு என்ன தெரியும்?"

"சும்மா அந்தக் கல்லுல உக்காந்திருந்தா வந்திருக்குமா?"

கேமரா அந்தக் கல்லையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வெந்நீர் வைக்க எழுந்து போனேன். தொண்டை கட்டியிருந்தது. காலையில் அவ்வளவு கத்தினேன் அல்லவா.

ஜூன் 26

ஆறு மணிக்குக் குழிப் பக்கம் போனேன். வந்தாள். நேற்று முன்தினம் நடந்ததெல்லாம் நாடகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதே நாலு முழம். வாலைப் பிடித்துப் பார்த்தாள்.

கீழே கிடந்த சின்னக் கற்களைப் பொறுக்கினேன். என் குறி தப்பாது என்று ஊருக்கே தெரியும். நாலு கல்லும் இரண்டடி தள்ளித்தான் விழுந்தன. மழையில் கை வழுக்கிவிட்டது. முதல் மூன்றுக்கும் அவள் நகரவில்லை. கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலாவதுக்கு எழுந்து போனாள். ஓடவில்லை, நடந்தே போனாள்.

ஜூன் 27

வந்தாள். எறிந்தேன்.

ஜூன் 28

வந்தாள், பத்து முழத்தில் நின்றாள். எறிந்தேன். ஓடினாள்.

ஜூன் 29

வரவில்லை. வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தில் தார்ப்பாய் போட்டேன். அரை நாள் பிடித்தது.

ஜூலை 8

எஸ்தரோடு சோலைக்குள் போனேன். இரண்டு கிலோமீட்டர் உள்ளே, இடி விழுந்து எரிந்துபோன ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்குள் மழை படாத கரியும் சாம்பலும். பக்கத்தில் காட்டுப் பலா. அங்கே தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும் இன்னும் இரண்டு புதுசும் வரிசையாகச் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தன. மனித வாடையே இல்லாத இடம். எஸ்தர் சத்தம் போடாமல் குதித்தாள். ஐந்து ஆள், புது இடம், புதுச் சாம்பல், இனி பெரிய சார் வாயைத் திறக்கட்டும் என்றாள். முதலில் பார்த்தவர் என்று என் பெயரைப் போடுவாளாம். போடட்டும், நான் கேட்கவில்லை. இனிஷியலோடு போடச் சொன்னேன்.

அப்போது மேலே இருந்து கலெக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டாள். எஸ்தர் எனக்கு முன்னால்தான் நின்றாள், அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் அந்தக் குரல் கொடுத்தாள், சிறுத்தையைக் கண்டால் கொடுக்கிற குரல். இருபத்து மூன்றும் ஒரே பாய்ச்சலில் மறைந்தன.

"இது புதுசா இருக்கே" என்றாள் எஸ்தர். "ஒரே ஒரு ஆள மட்டும் அடையாளம் வச்சு எச்சரிக்கை பண்ணுது." எழுதப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

நான் அழவில்லை. சோலைக்குள் எப்போதும் சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இருபத்து மூன்று உயிர் என் ஒருவனைக் கண்டு சிறுத்தை என்று ஓடுகிறது. இந்த எஸ்டேட்டில் வேறு எவனைப் பார்த்து ஓடியிருக்கிறது, சொல்லட்டும். டீக்கடையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இங்கே எழுதி வைக்கிறேன். இதை நான்தான் பழக்கினேன். 'க்' போட்டே எழுதுகிறேன்.